எண்பதினாயிரம் பேர் நடுவே ஓர் இளைஞன்

(இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களிற் சிலருக்கு விந்தையாகத் தோன்றக்கூடும். அமெரிக்காவில் ஆடப்படும் ஓர் ஆட்டம். அந்த ஆட்டத்திலும் ஒரேயொரு ஸ்தானம். அந்த ஸ்தானத்தில் நிற்கும் இளைஞர்களின் மனச்சுமையும் சொந்தத் துயரங்களும். இவற்றால் எமக்கு ஆவதென்ன என்று கேட்கத் தோன்றும். கேட்பதும் நியாயமே.

ஆயினும் சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம். மனச்சுமை இல்லாத இளைஞர் எந்நாட்டிலும் இல்லை. பெரும்பாலும் அது வீட்டுக்குள்ளே, பிறர் அறியாதபடி மறைந்து கிடக்கும். இந்த ஆட்டக்காரருடைய சுமையோ கோடிக்கணக்கானோர் பார்த்திருக்க, திகதியும் கணக்கும் எழுதப்பட்டு, பட்டப்பகலில் வெளியே கிடப்பது. ஆதலால் அதை நாம் நின்று நிதானித்துப் பார்க்கலாம். பார்க்குமிடத்து ஒரு கேள்வி எழுகிறது. ஒரே வயது, ஒரே திறமை, ஒரே வகைத் தோல்வி. இவற்றையுடைய இருவருள் ஒருவர் நிமிர்கிறார், மற்றவர் முறிகிறார். இஃது எதனால்? இக்கேள்வி அமெரிக்கருக்கு மாத்திரம் உரியதன்று.

முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். அமெரிக்க உதைபந்தாட்டம் என்று பெயர் இருந்தாலும், அதில் பந்து காலால் உதைக்கப்படுவது குறைவு. கையால் எறியப்படுவதும், சுமந்துகொண்டு ஓடப்படுவதுமே அதிகம். நாம் அறிந்த றக்பி ஆட்டத்தின் உறவினன் என்று கொள்ளலாம். ஒரு பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள்; அவற்றுக்குள் 10 யார் தூரம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள். தவறினால் பந்து எதிரணிக்கு. ஒவ்வொரு முயற்சியின்போதும் பந்து முதலில் வந்துசேர்வது ஒருவர் கைக்குத்தான். அவரே குவாட்டர்பாக்.

பயிற்றுநரின் கட்டளை அவருடைய தலைக்கவசத்தினுள்ளே இருக்கும் சிறு வானொலிக் கருவி வழியாக வரும். அடுத்த முயற்சியைத் தொடங்க இன்னும் 15 விநாடி இருக்கையில் அந்தக் குரல் நின்றுவிடும். அதன்பின் அவர் தனியே. பந்து கையில் வந்ததும், தம்மை வீழ்த்த ஓடிவரும் 300 இறாத்தல் எடையுள்ள மனிதர்களுக்கு அப்பால் பார்த்து, யாருக்கு எறிவதென்று ஏறத்தாழ மூன்று விநாடிக்குள் முடிவு செய்ய வேண்டும். தொழில்முறைச் சம்மேளனத்தில் 32 குழுக்கள் உண்டு. ஆகவே இத்தனை பெரிய நாட்டில் இந்த ஸ்தானத்தில் முதல்வராக நிற்கக்கூடியவர் ஒரு வேளையில் 32 பேர் மாத்திரமே. பலர் 21, 22 வயதில், பல்கலைக்கழகத்திலிருந்து நேரே வந்து நிற்பவர்கள். வென்றால் புகழ் முழுவதும் அவருக்கு. தோற்றாலும் பழி முழுவதும் அவருக்கே.

முதற் கதை இரு இளைஞரைப் பற்றியது. 1998ஆம் ஆண்டு இளம் ஆட்டக்காரரைக் குழுக்கள் தெரிவுசெய்தபோது, முதலாம் இடத்தில் பெய்ற்றன் மானிங்கை இன்டியனாபொலிஸ் குழுவும், இரண்டாம் இடத்தில் றயன் லீஃபைச் சன் டியாகோ குழுவும் எடுத்தன. இவ்விருவருள் யார் சிறந்தவர் என்று அன்று பெரிய விவாதமே நடந்தது. முதலாண்டு முடிவில் கணக்கைப் பாருங்கள். லீஃப் எறிந்த பந்துகளுள் 15ஐ எதிரணியினர் இடைமறித்துப் பிடித்தனர். மானிங் எறிந்தவற்றுள் 28 அவ்வாறு பறிபோயின! புதிதாக வந்த ஓர் ஆட்டக்காரர் ஒரு பருவத்தில் இத்தனை பறிகொடுத்ததில்லை. அவருடைய குழு 16 ஆட்டங்களில் 13இல் தோற்றது.

எண்ணிக்கையை மாத்திரம் பார்த்தால் மானிங்கின் தவறுகளே அதிகம். ஆனால் அடுத்த ஆண்டு அதே குழு 13 ஆட்டங்களில் வென்றது. மானிங் இவ்வாட்டத்தின் பெருவீரருள் ஒருவரானார். லீஃபோ, தோல்வி வந்த மறுநாளே உடைமாற்றும் அறையில் ஒரு பத்திரிகையாளர்மீது கூச்சலிட்டார். சக ஆட்டக்காரரோடும் பொருந்தவில்லை. 2002இல் ஆட்டத்தைவிட்டே விலகினார். பின்னர் வலிநீக்கி மருந்துகளுக்கு அடிமையாகி, அவற்றுக்காகப் பிறர் வீட்டில் நுழைந்த குற்றத்துக்கு மொன்டானா மாநிலத்தில் சிறை சென்று, 2014இன் இறுதியில் வெளியே வந்தார். அதன்பின் போதைப் பழக்கம் பற்றியும் மனநலம் பற்றியும் மேடைகளிற் பேசலானார்.

இருவருக்கும் இடையில் என்ன வேற்றுமை? ஒன்றைக் குறிப்பிடலாம். மானிங்கின் தந்தை ஆர்ச்சி மானிங்கும் ஒரு குவாட்டர்பாக். நல்ல ஆட்டக்காரர், ஆனால் அவர் நின்ற அணிகள் எந்தப் பருவத்திலும் தோல்வியைவிட வெற்றியை அதிகமாகக் கண்டதில்லை. அதாவது, ஊரறியத் தோற்பது எப்படியிருக்கும் என்பதையும், தோற்ற பின்னும் காலையில் எழுந்து பயிற்சிக்குப் போகலாம் என்பதையும் அறிந்த ஒருவர் அந்த இளைஞரின் வீட்டிலேயே இருந்தார். இதுவே முழுக் காரணம் என்று சொல்ல நாம் துணியோம். ஆயினும் தோல்வியின் எண்ணிக்கையைவிட, தோல்வியை யாருடன் பகிர்ந்துகொள்ள முடிந்தது என்பது பெரிது என எண்ண இடமுண்டு.

இரண்டாவது கதை பேய் பற்றியது. 2018இல் நியூயோர்க் ஜெற்ஸ் குழுவுக்கு வந்தவர் சாம் டார்னோல்ட். வயது 21. தொழில்முறை ஆட்டத்தில் அவர் எறிந்த முதற்பந்தையே எதிரணியினர் பிடித்து, கோட்டைத் தாண்டி ஓடிப் புள்ளியும் பெற்றுவிட்டனர். ஆயினும் அவர் கலங்காது நின்று, அன்றைய ஆட்டத்தை 48க்கு 17 என வென்று கொடுத்தார். ஆனால் அடுத்த ஆண்டு, 2019 ஒக்டோபர் 21ஆம் திகதி இரவு, வலிமைமிக்க நியூ இங்கிலாந்து அணியிடம் 33க்கு 0 எனத் தோற்றபோது, அவருடைய உடையில் தொலைக்காட்சியார் ஒலிவாங்கி பொருத்தியிருந்தனர். ஆசனத்தில் வந்தமர்ந்தவர், தமக்குப் பேய்கள் தெரிவதாகச் சொன்னார். அது நாடு முழுவதும் ஒலிபரப்பாயிற்று.

அது அந்த ஆட்டக்காரரின் வழக்குச் சொல். பலமுறை வீழ்த்தப்பட்ட குவாட்டர்பாக்குக்கு, ஒருவரும் ஓடிவராத வேளையிலும் ஓடிவருவதுபோலத் தோன்றும்; எறிய வேண்டிய இடத்தைப் பாராமல் வராத எதிரியைப் பார்ப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எம்மவர் சொல்வதும் இதையன்றி வேறென்ன? ஆனால் ஓர் இளைஞன் தன் பயத்தை உள்ளபடி சொன்னதற்கு ஊர் என்ன செய்தது? சிரித்தது. மாதக்கணக்காகக் கேலி செய்தது. 2021இல் அவர் வேறு குழுவுக்கு மாற்றப்பட்டார், அங்கும் நிலைக்கவில்லை. 2023இல் சன் பிரான்சிஸ்கோவில் மேலதிக ஆட்டக்காரராக, பெரும்பாலும் ஆசனத்திலிருந்து பார்த்தபடியே ஓராண்டைக் கழித்தார். பலர் அவரை மறந்துவிட்டனர். அடுத்த ஆண்டு, 2024இல், மினசோட்டா அணிக்குத் தலைமை தாங்கி 17 ஆட்டங்களில் 14ஐ வென்றார். அவரிடம் திறமை முன்பும் இருந்தது. பேய் கலையும்வரை அமர்ந்திருக்க ஓர் இடமும் காலமும் வேண்டியிருந்தன.

இனி, இவ்விளைஞர் சுமையைத் தாங்கக் கைக்கொள்ளும் முறைகள் சிலவற்றைப் பார்ப்போம்.

றசல் வில்சன் என்பவர் 2012இல் சியற்றில் குழுவுக்கு வந்தவர். 2010இல், ஒரு பேஸ்போல் குழு அவரைத் தெரிவுசெய்த மறுநாளே அவருடைய தந்தையார் காலமானார். வில்சனுக்கு ட்றெவர் மோவாட் என்றொரு மனப்பயிற்சியாளர் நெடுங்காலம் துணையாயிருந்தார். அவர் கற்பித்த வழி, நடுநிலையாகச் சிந்தித்தல். எல்லாம் நன்றாகவே நடக்கும் என்று தன்னை ஏமாற்ற வேண்டாம், எல்லாம் கெட்டது என்று புலம்பவும் வேண்டாம், நடந்தது நடந்ததுதான், இப்போது செய்ய வேண்டிய அடுத்த காரியம் எது என்று மாத்திரம் கேள் என்பது அதன் சாரம்.

2015 ஜனவரி 18ஆம் திகதி கிறீன் பே அணியுடனான ஆட்டத்தில் வில்சன் எறிந்த பந்துகளுள் நான்கு பறிபோயின. நான்கும் ஜேர்மெயின் கேர்ஸ் என்ற ஒரே தோழரை நோக்கி எறியப்பட்டவை. பாதி ஆட்டம் முடிந்தபோது 16க்கு 0 எனப் பின்னின்றனர். பின்னர் சமநிலைக்கு வந்து, மேலதிக நேரத்தில் வில்சன் வெற்றிப் பந்தை எறிந்தார். யாரை நோக்கி? அதே கேர்ஸை நோக்கி. 28க்கு 22 என வென்றனர். நான்கு முறை பிழைத்த பின்னும் ஐந்தாம் முறை அதே தோழரை நம்ப முடிந்ததே, அங்கேதான் அந்தப் பயிற்சியின் பலன் இருக்கிறது. இரண்டு வாரத்தின்பின் சூப்பர் போல் எனும் மாபெரும் போட்டியில், வெற்றிக்கு ஒரு யார் தூரமே இருக்க, அவருடைய இறுதி எறிகை பறிபோய்த் தோற்றனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்தப் பயிற்சியும் வெற்றியை உறுதி செய்யாது. தோற்ற மறுநாள் எழுந்து நிற்க உதவும், அவ்வளவே.

மயாமி அணிக்கு ஆடிய துவா தாகோவைலோவா, ஹவாயில் பிறந்த சமோவா வழியினர். 2022 செப்டெம்பரில் ஓர் ஆட்டத்தில் தலை தரையில் மோத, தூக்குப்படுக்கையில் வைத்து அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றனர். அந்தப் பருவத்தின்பின், ஆட்டத்தையே விட்டுவிடுவதா என்று அவர் குடும்பத்தாரோடு ஆலோசித்தார். விடுவதில்லை என்று முடிவு செய்தபின் அவர் கற்ற வித்தை என்ன தெரியுமா? விழுவது எப்படி என்பது! ஜுஜிற்சு எனும் யப்பானிய மல்வித்தையைப் பயின்று, தலை அடிபடாமல் உருண்டு விழப் பழகினார். 2023இல் 17 ஆட்டங்களிலும் ஆடி, சம்மேளனத்திலேயே அதிகமாக 4,624 யார் தூரம் எறிந்தார். 2024இல் மீண்டும் தலையில் அடிபட்டது. உடலுக்கு எல்லை உண்டு. ஆயினும் எழுவதைப் பற்றியே போதிக்கும் உலகில், விழுவதையும் ஒரு கல்வியாகப் பயின்ற அந்த இளைஞரை நாம் நினைவில் வைக்கலாம்.

இவை களத்துச் சுமைகள். வீட்டுத் துயரங்களோ வேறு.

முற்காலத்தில் இவற்றை வெளியே சொல்லும் வழக்கம் அரிது. 1996இல், அதற்கு முந்திய பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரரெனப் பாராட்டப்பட்ட பிறெற் ஃபார்வ், தாம் வலிநீக்கி மருந்துக்கு அடிமையாகியிருப்பதை ஒப்புக்கொண்டு சிகிச்சைக்குச் சென்றபோது நாடே திகைத்தது. அப்போது அவருக்கு வயது 26. ஸ்டீவ் யங் என்பவர் 1995 ஜனவரியில் ஒரே சூப்பர் போல் ஆட்டத்தில் ஆறு டச்டவுன்களுக்குப் பந்தெறிந்து சாதனை படைத்தவர். அவருக்குச் சிறுவயதிலிருந்தே வீட்டாரைப் பிரிந்திருக்க முடியாத கடுமையான மனக்கலக்கம் இருந்தது. அது நோயென்பதை, பெரிய ஆட்டக்காரரான பின்னரே வைத்தியர் வாயிலாக அறிந்தார். வெளியே வீரர், உள்ளே உறக்கமற்ற இரவுகள்.

இந்த மௌனத்தை உடைத்தவர்களுள் டலஸ் குழுவின் டாக் பிறெஸ்கொற் முக்கியமானவர். பல்கலைக்கழக மாணவராயிருந்தபோது, 2013இல், அவருடைய தாயார் புற்றுநோயால் இறந்தார். நோய்க்காலத்தில் தாயைப் பராமரித்தவர் மூத்த சகோதரருள் ஒருவர். 2016இல் 135ஆம் ஆளாகத் தெரிவாகி வந்த பிறெஸ்கொற், காயமுற்ற மூத்தவரின் இடத்தை ஏற்று, முதலாண்டிலேயே 13 ஆட்டங்களை வென்று காட்டினார். 2020இல் கொரோனாக் காலத் தனிமையில் மனக்கலக்கமும் சோர்வும் அவரைப் பற்றிக்கொண்டன. அவ்வாண்டு ஏப்ரிலில், தாயைப் பராமரித்த அந்தச் சகோதரர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

செப்டெம்பரில் பிறெஸ்கொற் இவற்றைப் பகிரங்கமாகச் சொன்னார்; தாம் பிறர் உதவியை நாடியதையும் சொன்னார். உடனே தொலைக்காட்சி விமர்சகர் ஒருவர், ஓர் அணியின் தலைவன் தன் பலவீனத்தை இவ்வாறு வெளியிடலாகாது என்று கண்டித்தார். கண்டித்தவரைத்தான் நாடு கண்டித்தது. அவருடைய நிறுவனமே அக்கருத்துடன் தாம் உடன்படவில்லை என்று அறிவித்தது. பிறெஸ்கொற்றின் மறுமொழி அமைதியானது. தலைவனாயிருப்பதென்றால் உண்மையாயிருப்பதும் அதில் அடங்கும் என்பதே அவர் சொன்னதன் கருத்து. அடுத்த மாதமே ஆட்டக்களத்தில் அவருடைய கணுக்கால் முறிந்தது. ஆனால் 2021 மார்ச்சில் அதே குழு நான்கு ஆண்டுக்கு 16 கோடி டொலர் தருவதாக அவருடன் ஒப்பந்தம் செய்தது. தன் துயரைச் சொன்னவனைக் குழு கைவிட்டுவிடும் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல விடை வேண்டுமா?

சம்மேளனமும் விழித்துக்கொண்டது. 2019இல் ஆட்டக்காரர் சங்கத்துடன் செய்த உடன்படிக்கையின்படி, மனநலத் துறையில் தகைமை பெற்ற ஒருவரை ஒவ்வொரு குழுவும் அமர்த்த வேண்டும் என்று விதித்தது. எலும்பு முறிவுக்கு வைத்தியர் இருப்பதுபோல மனமுறிவுக்கும் ஒருவர் வேண்டும் என்பது அங்கே விதியாகிவிட்டது.

இறுதியாக, இரண்டு கூட்டங்களைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம்.

2012இல் முதலாமவராகத் தெரிவான அன்ட்றூ லக், தோளிலும் விலாவிலும் சிறுநீரகத்திலும் காயம்பட்டுப் பட்டு, 2017 பருவம் முழுவதையும் இழந்து, 2018இல் அரும்பாடுபட்டு மீண்டவர். 2019இல் மீண்டும் காயம். வலி, சிகிச்சை, மறுபடி வலி என்ற வட்டத்திலிருந்து வெளியேற வேண்டுமென்று, 29ஆம் வயதில் ஓய்வுபெற முடிவு செய்தார். ஓகஸ்ட் 24ஆம் திகதி இரவு, அவர் அறிவிக்குமுன்பே செய்தி கசிந்துவிட்டது. ஏழாண்டு தங்களுக்காக உடம்பை உடைத்துக்கொண்டவர் களத்தைவிட்டு நடக்கையில், இன்டியனாபொலிஸ் அரங்கில் இருந்த சொந்த ஊர் மக்களிற் பலர் கூச்சலிட்டு இகழ்ந்தனர். அது தம்மை நோகச் செய்ததென்று அவர் மறைக்காமற் சொன்னார். சுமையை இறக்கிவைப்பதற்கும் துணிவு வேண்டும் என்பதை அந்தக் கூட்டம் அறியவில்லை. 2024இல் அவர் தாம் படித்த ஸ்ரான்ஃபேட் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்டப் பிரிவுக்குப் பொது முகாமையாளராகத் திரும்பினார்.

மற்றைய கூட்டம் பஃபலோ நகரத்தது. 2020 நவம்பரில், அந்நகரின் இளம் குவாட்டர்பாக் ஜோஷ் அலன், தம் பாட்டியார் இறந்த செய்தியோடு மறுநாள் களம் இறங்கி ஆடி வென்றார். செய்தி பரவியதும் அவ்வூர் இரசிகர் செய்தது யாது? அவர் அணியும் சட்டையின் இலக்கம் 17. ஆளுக்கு 17 டொலர் வீதம் அவ்வூர்ச் சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பத் தொடங்கினர். சேர்ந்த தொகை பத்து இலட்சம் டொலரைத் தாண்டியது. வைத்தியசாலையின் ஒரு பகுதிக்கு அந்தப் பாட்டியாரின் பெயரையே சூட்டினர்.

சகோதரர்களே, ஒரே ஆட்டம். ஒரே வகை மக்கள். ஒரு கூட்டம் ஓர் இளைஞரின் துயரத்தின்மேல் கல் வைத்தது, மற்றது தோள் கொடுத்தது. அடுத்த காரியத்தை மாத்திரம் நினைக்கும் பயிற்சி, விழப் பழகுதல், காலம் வரும்வரை காத்திருத்தல், வாய்விட்டு உதவி கேட்டல் என்பன சுமப்பவன் செய்யக்கூடியவை. ஆனால் சுமையின் பாதியைத் தீர்மானிப்பவர்கள் சுற்றியிருந்து பார்ப்பவர்கள். தோல்வியைக் கேட்டுச் சிரியாத ஒருவராவது கிடைத்தால் சுமப்பவன் தாங்கிவிடுகிறான். தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு நாம் கண்ட விடை இதுவே.

நம்மில் எவரும் குவாட்டர்பாக் ஆகப்போவதில்லை. ஆனால் நாம் ஒவ்வொருவரும் யாரோ ஒருவருக்குப் பார்வையாளர். பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாளில் நம் வீட்டிலும் அயலிலும் ஒரு தம்பியோ தங்கையோ தலைகுனிந்து இருக்கக்கூடும். அன்று அந்தப் பிள்ளைக்கு ஊரே அரங்கம். எத்தனை ‘ஏ’ என்று கேட்பதற்கு முன், சாப்பிட்டாயா என்று கேட்கும் ஒருவராக நாம் இருப்போம். பேய் தெரிகிறது என்று அந்தப் பிள்ளை சொன்னால் சிரியாமல், பக்கத்தில் அமர்ந்து, எந்தப் பக்கம் என்று கேட்போம். இருவர் சேர்ந்து பார்த்தால் இருள் வெறும் இருளாகவே தெரியும்.